வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்குப் பந்தல்

நம் பங்கின் அன்பியக் குடும்பங்களுக்கு (பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுக்களுக்கு) வணக்கம்.

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் மாதா திருவிழாக் கொடியேற்றம். நடந்து போகிறவர்கள் 27, 28 இரண்டு நாளும் நம் திருவாரூர் வழியாகப் போவார்கள். போன வருஷம் ஒரு பாட்டி கோயில் படியில் உட்கார்ந்து, கொப்புளம் உடைந்த காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்கக்கூட அவருக்குக் கூச்சம். பசித்தவருக்குக் கொடுத்தது எனக்கே கொடுத்தது என்றார் ஆண்டவர். கேட்கட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது.

1. 27 மாலை 5 மணிக்குக் கோயில் வாசலில் பந்தல். இளைஞர்கள் 4 மணிக்கே வரவும்.
2. வீட்டுக்கு 10 எலுமிச்சை சாதப் பொட்டலம், வாழை இலையில்.
3. நர்ஸ் வேலை பார்ப்பவர்கள் பஞ்சு, மருந்தோடு வந்தால் பெரிய உதவி.
4. இந்துக்களும் முஸ்லிம்களும் நடந்து வருவார்கள். யாரிடமும் எதுவும் விசாரிக்க வேண்டாம், முதலில் உட்கார வையுங்கள்.

எந்த நேரம் வர முடியும் என்று 24-க்குள் இங்கேயே பதில் போடுங்கள்.