கார்டியன் விண்ணப்பத்தை நிரப்பும் முன்: ஓர் அக்காவுக்குக் கடிதம்

அன்புள்ள அக்கா,

அறிவுசார் குறைபாடு உள்ள மகளுக்கு 18 வயது ஆகப்போகிறது, அதற்குள் கார்டியன்ஷிப், அதாவது அவளுக்காக முடிவெடுக்கும் சட்ட அதிகாரம், வாங்கிவிட வேண்டும் என்று ஆளாளுக்கு நெருக்குவதாக எழுதியிருந்தீர்கள். வங்கியில் கேட்கிறார்கள், மருத்துவமனையில் கேட்கிறார்கள், தெரிந்த பெற்றோரும் பார்க்கும்போதெல்லாம் "இன்னும் எடுக்கலையா?" என்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள அண்ணனோடு வளர்ந்தவள் நான். எங்கள் அம்மாவும் இதே கவலையோடுதான் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான நாடுகளில் 18 வயதோடு பெற்றோர் என்ற முறையில் உங்களுக்கு இருந்த சட்ட அதிகாரம் முடிந்துவிடுகிறது. குறைபாடு எவ்வளவு இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவள் மேஜர். கார்டியனை நியமிப்பது என்றால், அவளுடைய கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பை எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது. முழு கார்டியன்ஷிப்பில் பணம், சிகிச்சை, எங்கே யாரோடு வாழ்வது எல்லாமே அடங்கிவிடும். சில இடங்களில் திருமணமும் ஓட்டுரிமையும்கூடப் போய்விடும். ஒருமுறை போனதைத் திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம். அதனால்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன்: எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கேளுங்கள், அதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம்.

அண்ணனுக்குப் பல் எடுக்க வேண்டி வந்தபோது மருத்துவர் என்னைப் பார்த்து, "இவருக்கு எங்கே வலிக்குதாம்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அண்ணன் வாயைத் திறந்து கடைசிப் பல்லில் விரலை வைத்துக் காட்டினார். மயக்க மருந்துக்கான ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியாது, அது உண்மை. ஆனால் ஊசி, தூக்கம், பல், வீடு என்று வரிசையாகப் படம் வரைந்து காட்டியதும், ஊசிப் படத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பல்லை மறுபடி தொட்டார். ஊசி இல்லாமல் பல்லை எடுக்க முடியாது என்று மெதுவாக இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகு, ஊசிப் படத்தைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தார். எனக்கு அது ஒப்புதல்தான். படிவத்தைப் படித்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார், அவருக்குப் பதிலாக முடிவெடுக்க ஒருவர் தேவைப்படவில்லை.

இது ஏதோ தங்கையின் பாசத்தில் சொல்வது என்று நினைக்காதீர்கள். ஐ.நா. பொதுச்சபை 2006-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12-வது பிரிவு, வாழ்க்கையின் எல்லாத் துறைகளிலும் அவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி, அதாவது தானே முடிவெடுத்துக் கையெழுத்திடும் உரிமை, உண்டு என்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான உதவியைச் செய்துகொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. அந்த வழியில் பெரு 2018-லும் கொலம்பியா 2019-லும் சட்டத்தை மாற்றின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள ஒரு சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரண ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லாதவர்கூட அங்கே தனக்கு ஒரு பிரதிநிதியை அமர்த்திக்கொள்ளலாம். விருப்பு வெறுப்பை வெளிப்படுத்துகிறாரா, அந்த நபரோடு நம்பிக்கையான உறவு இருக்கிறதா என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள். உங்கள் மகள் யாரைக் கண்டால் மலர்கிறாள், யாரைக் கண்டால் அறையை விட்டுப் போய்விடுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?

இங்கிலாந்தின் 2005-ம் ஆண்டு மனத்திறன் சட்டத்திலும் ஒரு விதி இருக்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதற்காகவே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. நாமெல்லாம் எத்தனை தவறான முடிவுகளை எடுத்துவிட்டு நிம்மதியாகத் திரிகிறோம்! நம்மிடமிருந்து யாரும் கையெழுத்தைப் பிடுங்கவில்லையே.

இந்தியச் சட்டமும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவதில்லை. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் கார்டியனை நியமிக்கும் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளியும் இருக்க வேண்டும். யாருக்காக விண்ணப்பிக்கிறோமோ அவருக்கு கார்டியன் தேவையா, எதற்காகத் தேவை என்று அந்தக் குழு பார்த்தாக வேண்டும். நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், பிறகு வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, இருவரும் சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட கார்டியன்ஷிப்பைப் பேசுகிறது. நடைமுறையில் அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிடுகிறோம், குறைவாகக் கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜென்னி ஹாட்ச் என்ற பெண்ணின் வழக்கைத் தேடிப் படியுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். கார்டியன்ஷிப் வழக்கு நடந்த காலத்தில் அவர் விருப்பத்துக்கு மாறாக, குறைபாடு உள்ளவர்கள் சேர்ந்து தங்கும் ஒரு குழு இல்லத்தில் வைக்கப்பட்டார். அவர் கேட்டதெல்லாம், தான் தேர்ந்தெடுத்த நண்பர்களோடு வாழ வேண்டும் என்பதைத்தான். 2013-ல் நீதிபதி அந்த நண்பர்களையே ஓராண்டுக்குத் தற்காலிக கார்டியன்களாக நியமித்தார். அதன் பிறகு ஜென்னி மற்றவர்களின் துணையோடு தானே முடிவெடுக்கலாம் என்று ஆனது.

சரி, எல்லோருக்கும் இது பொருந்துமா? பேச்சோ சைகையோ இல்லாத, என்ன வேண்டும் என்பதை நெருங்கியவர்களால்கூட ஊகிக்க மட்டுமே முடிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் கார்டியன்ஷிப் எடுப்பதைக் குற்றமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அறுவை சிகிச்சை வாசலில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். அங்கேயும், முன்பு சொன்ன உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2014-ல் சொன்ன அளவுகோலை நான் மதிக்கிறேன். அவருக்கு எது நல்லது என்று நாம் நினைப்பதை விட, அவரை அறிந்தவர்கள் கூடி 'இவராக இருந்தால் எதை விரும்பியிருப்பார்' என்று இயன்றவரை கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் உங்கள் மகள் அந்த நிலையில் இல்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், என்ன உடுத்துவது என்பதில் அவளை அசைக்க முடியாது என்று.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. "எங்களுக்கு அப்புறம் இவளை யார் பார்த்துக்குவாங்க?" அக்கா, கார்டியன் உத்தரவு அந்தக் கேள்விக்கு விடை தராது. யார் கையெழுத்துப் போடலாம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். யார் குளிக்க உதவுவது, யார் இரவில் கூட இருப்பது, பணம் எங்கிருந்து வருவது, இதற்கெல்லாம் தனித்தனியாக ஏற்பாடு வேண்டும். சொத்துக்கு ஒரு டிரஸ்ட் எழுதலாம். அவளுடைய மருந்து, பயம், பழக்கம், அவள் 'வேண்டாம்' என்பதை எப்படிக் காட்டுவாள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அந்த நோட்டு எந்த உத்தரவை விடவும் அவளுக்கு உதவும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று. 'தம்பி பார்த்துக்குவான்' என்று எழுதியிருந்தீர்கள். அவனிடம் கேட்டீர்களா? கூடப் பிறந்தவர்களிடம் யாரும் கேட்பதில்லை, எல்லோரும் தீர்மானித்துவிடுகிறார்கள். நான் மனதாரச் சம்மதித்தேன், ஆனால் என்னால் எது முடியும், எது முடியாது என்று அம்மாவோடு உட்கார்ந்து பேசிய பிறகுதான். அவனோடும் பேசுங்கள், மகளும் அந்தப் பேச்சில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் 'எந்தெந்த விஷயங்களுக்கு' என்ற பகுதியை இப்போதைக்குக் காலியாக விட்டு, நகலை எனக்கு அனுப்புங்கள். வங்கியில் என்ன கேட்டார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். சில சமயம் கூட்டுக் கணக்கிலேயே வேலை முடிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் தங்கை