கண்மாய்ப் பாதை காட்டும் பழைய வரைபடங்களை ஊராட்சிகளுக்குத் தாருங்கள்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல்லும் மிளகாயும் போடுகிற விவசாயி எழுதுகிறேன். இந்திய நில அளவைத் துறை அந்தக் காலத்தில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அச்சிட்ட நம் கடலோர வரைபடத் தாள்களைப் பெரிதாக அச்சடித்து, ஊராட்சி அலுவலகங்களில் மாட்ட ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

எங்கள் பக்கம் மேல்கண்மாய் நிறைந்து, உபரி வழியும் கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் நடுவில் ஓரிடத்தில் தூர்ந்தாலும், சீமைக்கருவேலம் அடைத்தாலும், கீழே உள்ள ஊர்களெல்லாம் காய்ந்துபோகும். வடகிழக்குப் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். தேக்கினால் உண்டு, இல்லையென்றால் கடலுக்குத்தான்.

நில அளவைப் புலப்படத்தில் (எஃப்.எம்.பி.) ஒரு சர்வே எண்தான் தெரியும். கிராம வரைபடம் ஊர் எல்லையோடு முடிந்துவிடும். அந்தப் பழைய தாளில்தான் பல ஊர்க் கண்மாய்களையும் ஒருசேரப் பார்க்கலாம். எதன் உபரி எதற்குப் போனது, கடைசியில் எந்த வழியாகக் கடலில் சேர்ந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். கரைக் கோட்டின் ஓரத்தில் சின்னதாக ஓர் எண்ணும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். சுற்றியுள்ள தரையிலிருந்து கரை எத்தனை அடி உயரம் என்பதற்கான குறிப்பு அது. நம் சமதளத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகள் அரிதாகத்தான் வரும் என்பதால் அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். இன்று கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று டேப் பிடித்தே ஒப்பிட்டுவிடலாம்.

பட்டாத் தகராறை இந்தத் தாள் தீர்க்காது, அது சரி. யார் நிலம் என்பதற்கு வருவாய்த் துறை ஆவணம்தான். தண்ணீர் எந்த வழியாக ஓடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எங்களிடம் இல்லை. பழைய மடை, கலுங்கு தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கடலோரம் என்பதால் இந்தத் தாள்கள் நீண்ட காலம் பொதுமக்கள் கைக்கு எட்டாமலே இருந்தன. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்திவிட்டது. அதனால் துறையிடம் நீங்கள் கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

அப்புறம் இன்னொன்று. வரத்துக்கால் தூர்வார மதிப்பீடு போடும்போது, பொறியாளர் இந்தத் தாளோடு மேல் ஊர், கீழ் ஊர் விவசாயிகளையும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்குள் தாள் வந்துவிட்டால், மழைக்கு முன்பே அடைப்பு எங்கே என்று பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஆர்.எஸ்.மங்கலம் வட்டார விவசாயி