ஃபொன்டானாவின் வெட்டும் அதன் பின்னாலுள்ள கறுப்புத் துணியும்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஒரே நிறம் பூசிய கித்தானை (கேன்வாஸ் துணியை) கத்தியால் வெட்டிய படைப்புகளுக்குப் பெயர்பெற்ற இத்தாலியக் கலைஞர் லூசியோ ஃபொன்டானா பற்றி வந்த கட்டுரை ஏல விலையில் தொடங்கி ஏல விலையிலேயே முடிந்துவிட்டது. 2015இல் நியூயார்க்கில் அவருடைய மஞ்சள் நிற முட்டைவடிவக் கித்தான் ஒன்று சுமார் 2.9 கோடி டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ‘ஒரு கத்தி, ஒரு துணி, ஒரு கிழிசல், இதற்கா இத்தனை கோடி?’ என்று கேட்பது பொருந்தாது. அந்தப் படைப்பில் இருப்பவை குத்தித் துளைத்த ஓட்டைகள். 1963, 64இல் அவர் செய்த ‘கடவுளின் முடிவு’ வரிசையில் ஒன்று அது. மொத்தம் 38 கித்தான்கள், எல்லாம் ஒரே அளவு: 178 சென்டிமீட்டர் உயரம், 123 அகலம். கத்தி வெட்டு வேறு வரிசை.

கட்டுரையோடு அச்சான புகைப்படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஊகோ மூலாஸ் 1964இல் எடுத்தது. ஃபொன்டானா கத்தியோடு கித்தான்முன் நிற்பதைப் பார்த்தால், வேலை நடக்கும்போதே எடுத்த படம் என்றுதான் தோன்றும். ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் தன்னால் வெட்ட முடியாது என்று அவர் சொல்லிவிட்டதால், இருவரும் சேர்ந்து நடித்து எடுத்த படங்கள் அவை. முதலில் வெட்டாத கித்தான்முன் ஒரு பாவனை. கடைசியில் ஏற்கெனவே வெட்டி முடித்து வைத்திருந்த கித்தான். ‘ஆவேசத்தில் கிழிக்கிறார்’ என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். ஆவேசத்துக்கு அந்த வேலையில் இடமே இல்லை. ஏன் என்பது செய்முறையைப் பார்த்தால் தெரியும்.

கித்தானை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்து அடித்து, தண்ணீரில் கரையும், மினுக்கமில்லாத பெயின்டை ஒரே நிறமாகத் துணி ஊறும்படி பூசுவார். பெயின்ட் முழுக்கக் காய்வதற்கு முன், ஈரம் இருக்கும்போதே, ஸ்டான்லி கத்தியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. காய்ந்தபின் வெட்டினால் பூச்சு விளிம்பில் பொருக்குப் பொருக்காக உதிரும். ஈரம் அதிகமிருந்தால் நூல் பிசிறும், பெயின்ட் விளிம்பில் இழுபட்டுக் கோடாகும். பிளேடு மழுங்கியிருந்தால் அது துணியை வெட்டாமல் தள்ளும். தள்ளிய இடத்தில் துணி சுருங்கும். பாதி வழியில் கை தயங்கினால் அங்கே சின்னப் படி விழும். ஒரே நிறத்தில் ஒரே ஒரு கோடு என்பதால் அந்தப் படியை மறைக்க வேறு எதுவும் கிடையாது. சரியாக வராதவற்றை ஃபொன்டானா தூக்கிப் போட்டுவிடுவார்.

வெட்டோடு பாதி வேலைதான் முடிகிறது. நெசவு தெரிந்தவர்களுக்கு மீதி உடனே புரியும். நெடுக்காக வெட்டும்போது அறுபடுவது குறுக்கே ஓடும் ஊடை நூல். அதுவரை இடமும் வலமும் சட்டம் இழுத்துக்கொண்டிருந்த விசை அந்த இடத்தில் விட்டுப்போகிறது. விளிம்பு தளர்ந்து தன் போக்கில் சுருளப் பார்க்கும். பெயின்ட் காய்ந்து துணி விறைத்தபின் இரண்டு விளிம்புகளையும் விரலால் மெதுவாக வருடி, தேவையான அளவுக்கு உள்பக்கமாக வளைப்பார். பிறகு பின்பக்கத்தில் கறுப்பு வலைத்துணியைப் பட்டையாக ஒட்டுவார். இத்தாலியில் அதற்குத் ‘தேலெத்தா’ என்று பெயர். வளைத்த விளிம்பு வளைத்தபடியே நிற்பதும், முன்னாலிருந்து பார்க்கிறவருக்குச் சுவர் தெரியாமல் அடியற்ற இருட்டு தெரிவதும் அந்தத் துணியால்தான். பத்து வெட்டுகள் பக்கம் பக்கமாக இருந்தால் நடுவில் மிஞ்சும் துணி வெறும் நாடாதான்; பின்பட்டை இல்லாவிட்டால் அது தொங்கிவிடும்.

விரலால் விளிம்பை வளைக்கும் கை சிற்பியின் கை. கட்டுரையில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுதான்: அவர் சிற்பியாக வாழ்ந்த முப்பது ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஃபொன்டானா 1899 பிப்ரவரி 19இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பிறந்தவர். அப்பா லூயிஜி இத்தாலியச் சிற்பி. கல்லறைச் சிலைகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். மகன் அங்கேயும் வேலை செய்து, பிறகு மிலானில் பிரேரா கலைக் கழகத்தில் அடோல்ஃபோ வில்ட்டிடம் பயின்றார். வில்ட் பளிங்கைக் கண்ணாடிபோல் இழைப்பவர். அவரிடம் பயின்ற மாணவர் 1930இல் செய்தது, சாந்துக் குவியலின்மேல் கறுப்புத் தார் பூசிய ‘கறுப்பு மனிதன்’! அடுத்து இத்தாலியக் கடலோர ஊரான அல்பிசோலாவில் தூல்லியோ மட்சோத்தியின் சூளையில் பீங்கான் வேலை. தன்னைப் பீங்கான்காரர் என்று ஒதுக்கியவர்களுக்கு, நான் சிற்பி, பீங்கான்காரன் அல்ல என்று 1939இல் எழுதியே பதில் சொன்னார்.

போர்க்காலத்தை அர்ஜென்டினாவில் கழித்துவிட்டு 1947இல் மிலான் திரும்பியபோது அவருடைய பட்டறை குண்டுவீச்சில் போயிருந்தது. 1949 பிப்ரவரியில், நவீலியோ காட்சிக்கூடத்தில், காகிதக்கூழ் உருவங்களுக்கு ஒளிரும் வண்ணம் பூசி இருட்டறையில் புற ஊதா விளக்கின்கீழ் தொங்கவிட்டார். ஆறு நாள்தான் காட்சி. அதே ஆண்டில்தான் குத்தூசியால் கித்தானைத் துளைக்கத் தொடங்கினார். 1951இல் மிலான் திரியெனாலே கண்காட்சிப் படிக்கட்டின்மேல் சுமார் 100 மீட்டர் நியான் குழாயை வளைத்து ஒரே கிறுக்கலாகத் தொங்கவிட்டார். வெட்டு வந்தது 1958இல். அப்போது அவருக்கு வயது 59. அதற்கடுத்த ஆண்டு மறுபடி அல்பிசோலாவில் பெரிய களிமண் உருண்டைகளைப் பிளந்து வெண்கலத்தில் வார்த்தார். 1961இல் நியூயார்க் போய் வந்தபின் செம்புத் தகட்டையும் கிழித்தார். மண், துணி, தகடு எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: பரப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது? 1966 வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியில், கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பாவோடு சேர்ந்து அமைத்த வெள்ளைக் கூடத்துக்காக அவருக்குப் பரிசு கிடைத்தது. கொடுத்தது என்னவோ ஓவியத்துக்கான பரிசு!

போலியைப் பற்றிக் கட்டுரை சொன்ன ‘யார் வேண்டுமானாலும் செய்யலாம்’ என்பதற்கும் ஒரு வரி. கத்தியைப் போலிக்காரரும் இழுக்கலாம். ஃபொன்டானா பல கித்தான்களின் பின்பக்கத்தில் கையெழுத்தோடு நிற்காமல், அன்றைக்குத் தோன்றிய அற்ப வாக்கியம் ஒன்றையோ, ‘1+1’ என்று தொடங்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறிப்பையோ எழுதிவைத்தார். ஒரு கையெழுத்தைப் பழகிவிடலாம். முழு வாக்கியத்தை அதே கையோட்டத்தில் எழுதுவது கடினம். ஆகவே பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் கித்தானைத் திருப்புவார்கள்.

‘துணிதானே, கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம்’ என்ற கிண்டலையும் தவிர்த்திருக்கலாம். பராமரிப்பில் இவ்வளவு தொல்லை தரும் படைப்புகள் குறைவு. காற்றில் ஈரம் ஏறி இறங்கினால் துணி தளரும், வெட்டு வாய் அகலும். சாதாரண ஓவியத்தில் துணி தளர்ந்தால் சட்டத்தின் மூலையிலுள்ள ஆப்பைத் தட்டி இறுக்குவார்கள். இதில் அப்படித் தட்டினால் வெட்டு இன்னும் பிளக்கும். மினுக்கமில்லாத பூச்சில் விரல் பட்டால் எண்ணெய்த் தடம் நிற்கும். அந்த இடத்தை மட்டும் துடைத்தால் துடைத்த வட்டம் தனியாகத் தெரியும்.

கடைசியாக, தலைப்பு மொழிபெயர்ப்பு. இரண்டு படங்களுக்கும் ‘காத்திருப்பு’ என்று ஒரே பெயர் போட்டிருக்கிறீர்கள். ஒரே வெட்டு இருந்தால் அவர் வைத்த பெயர் ‘அத்தேசா’. ஒன்றுக்கு மேல் இருந்தால் பன்மையில் ‘அத்தேசே’. நீங்கள் அச்சிட்ட இரண்டாவது படத்தில் வெட்டுகள் ஐந்து.

தங்கள் வாசகர்,
கும்பகோணம்