வலைக்கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

தலைக்கட்டு வரி செலுத்திய அனைவருக்கும் குழுவின் வணக்கம். வலை பின்னவும் பழுதுபார்க்கவும் எஃகுச் சட்டகத்தில் எழுப்பிய வலைக்கூடம் முடிந்தது. தரை, மின் இணைப்பு, குழாய் எல்லாம் மதிப்பீட்டுக்குள் அடங்கின.

"தகரக் கொட்டகைக்கா இவ்வளவு பணம்?" என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு: பழைய காங்கிரீட் கூடம் என்ன ஆனது? உப்பு இறங்கிக் கம்பி துருவேறி உப்பியதில் காரை பாளம் பாளமாக விழுந்தது. உள்ளிருக்கும் கம்பியின் துரு வெடித்த பிறகுதான் தெரியும். வெளியே நிற்கும் எஃகுத் தூணில் பொட்டுத் துரு கண்டாலும் அன்றே சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். 2018 நவம்பரில் கஜா, சார்ப்புக் கூரையை அமுக்கவில்லை, தூக்கிக்கொண்டு போனது. பி.இ.பி. (தொழிற்சாலையில் செய்து வந்து இங்கே பூட்டும் எஃகுக் கட்டடம்) முறையில் அந்தத் தூக்கு விசைக்கும் சேர்த்து, தகட்டிலிருந்து அஸ்திவாரத்தில் பதியும் நங்கூர போல்ட் வரை ஒரே கணக்காகப் போடுகிறார்கள். கட்டடம் எடை குறைவு, அஸ்திவாரத்தைச் சுருக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். எடை குறைந்ததைப் பிடித்து வைக்கத்தான் அஸ்திவாரம் என்று மறுத்துவிட்டோம். வெல்டிங், துளை எல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்து வந்ததால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் சட்டகம் நின்றது.

இனி ஸ்க்ரூ விவகாரம். கூரைத் தகட்டைப் பிடிக்க ஒப்பந்தத்தில் இருந்தது கனத்த ஜிங்க் பூச்சுள்ள, கடற்கரைக்கான ஸ்க்ரூ. ஒப்பந்தக்காரர் அடித்தது கடையில் கிடைக்கும் சாதா ரகம். முதல் மழைக்கே ஒவ்வொரு தலையிலிருந்தும் செம்மண் நிறத்தில் கோடு வழிந்தது. கேட்டால், "ஸ்க்ரூவில் என்னங்க பெரிய வித்தியாசம்?" என்றார். தகடு அலுமினியமும் ஜிங்கும் பூசியது, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் தலை இற்றால் அடுத்த புயலில் தகட்டை வயலில் பொறுக்க வேண்டியதுதான். போதாக்குறைக்குத் தகட்டைக் கூரைமேல் வைத்தே கிரைண்டரில் அறுத்திருந்தார். பொறி விழுந்த இடமெல்லாம் புள்ளித் துரு. கடைசித் தவணையை நிறுத்தினோம். அவர் பஞ்சாயத்தாரிடம் போனார், நாங்களும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனோம். மூன்று கூட்டம், ஏகப்பட்ட ஏச்சு. கடைசியில் அந்தத் தவணையிலேயே அத்தனை ஸ்க்ரூவையும் மாற்றினோம். அதற்கு மேல் ஆன ரூ. 62,000தான் "கமிட்டி அடித்த கமிஷன்" என்று ஊரில் சுற்றுகிறது. பில் பொருளாளரிடம் இருக்கிறது, வந்து பாருங்கள்.

அந்தத் தொகையைத் தந்தவர்கள்: விசைப்படகு உரிமையாளர்கள், நாட்டுப்படகுக்காரர்கள், ஐஸ் வியாபாரிகள், கருவாட்டுப் பெண்கள் குழு, சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் பிள்ளைகள், பெயர் சொல்ல வேண்டாம் என்ற ஓர் ஆச்சி. தெரு வாரியான பட்டியல் கூடத்தின் பலகையில் உள்ளது.

மழை படாத இறவாணத்தின் அடிப்பக்கத்தில்தான் உப்பு தங்கும். அங்கே ஆண்டுக்கு இருமுறை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். முதல் முறை வடக்குத் தெரு.