அட்டையில் விழாத சொட்டு

சத்துவாச்சாரி, வேலூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. உறைமேல் இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றுதான் எழுதுகிறாய். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நீ மட்டும் பாகப்பிரிவினைக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் காட்பாடிக்கு வேலைக்குப் போய்வருகிறாள். மற்றபடி வெயில்தான்.

உன் காரில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர வைக்கிற திரவம், குறைந்துகொண்டே போகிறது, என்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கணும் என்று ஓசூர் மெக்கானிக் சொல்கிறார் என்று எழுதியிருந்தாயே, கொஞ்சம் பொறு. போன சித்திரையில் எனக்கும் இதே கூத்துதான். வாரத்துக்கு ஒரு விரற்கடை குறையும். ராத்திரி வண்டிக்கடியில் அட்டை போட்டு வைப்பேன். காலையில் காய்ந்தே கிடக்கும். பகலில் ஒரு நாள் ஈரமாயிருந்தது, பதறிப்போய்த் தொட்டுப் பார்த்தால் ஏசி தண்ணீர்! நானும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஊற்றிச் சமாளித்தேன். நம்மூர் போர்த் தண்ணீர் பாத்திரத்தில் எப்படி உப்புப் படியும் என்று உனக்குத் தெரியாதா? அதையே ரேடியேட்டருக்குள் விட்டேன் பார், அது என் முட்டாள்தனம்.

முதலில் காட்டிய இடத்தில் ஹெட் கேஸ்கெட் என்றே சொன்னார்கள், ஹெட்டுக்கு அடியில் வைக்கிற அந்தத் தகடு. அது போனால் கூலன்ட் ஆயிலிலும் சிலிண்டரிலும் கலந்துவிடும். மனசு ஒப்பவில்லை. ஆயில் குச்சியை இழுத்தால் பால் காபி நிறம் இல்லை. வெள்ளைப் புகை இல்லை. என்ஜின் ஓடும்போது கூலன்ட் டப்பாவில் குமிழியும் வரவில்லை. அப்புறம் எங்கிருந்து கேஸ்கெட்? முன்சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டையும் தடவிப் பார்த்தேன். வேலூரில் ஹீட்டர் போடுகிறவன் எவன் என்று சிரிக்காதே. அதற்கும் டாஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது; ஒழுகினால் கால்மிதிதான் நனையும்.

கடைசியில் தெருமுனை மெக்கானிக் பாயிடம் போனேன். "இன்னா சார், சூட்டுல தேடிக்கினு கீறீங்க? அது சொட்டு சொட்டா வரும், என்ஜின் மேலயே ஆவியாப் பூடும். ராத்திரி வுட்டுட்டுப் போங்க" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த வாயில் அழுத்தம் காட்டும் முள் வைத்த ஒரு கைப்பம்பை மாட்டி அடித்தார். முள் ஒரு பாரில் நின்றது. மூடி பிடித்துவைக்கிற அழுத்தமும் சுமார் அவ்வளவுதானாம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திறந்தால் முகத்தில் பீச்சியடிப்பது அதனால்தான்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் முள் இறங்கியிருந்தது. பாய் டார்ச்சை என் கையில் கொடுத்து, புல்லிக்குப் பின்னால் காட்டச் சொன்னார். வாட்டர் பாடிக்கு, அதான் கூலன்டை என்ஜினுக்குள் சுற்றவிடுகிற வாட்டர் பம்ப், அதற்கு அடியில் மிளகு அளவு ஓட்டை. அதைச் சுற்றி, தோல் பதனிடுகிற ஷாப் உப்பு மாதிரி வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தது. அதன் நடுவே ஒரு சொட்டு மெல்லத் திரண்டு தொங்கிக்கொண்டே இருந்தது, விழவில்லை. நாங்கள் இருவரும் பேச்சே இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே சீல் தேய்ந்தால் வெளியே காட்டிக்கொடுக்கத்தானாம் அந்த ஓட்டை! இதுவே தெரியாமல் இருபது வருஷமாக வண்டி ஓட்டியிருக்கிறேன்.

வாட்டர் பாடியை மாற்றி, பழைய உப்புத் தண்ணீரைக் கழுவி இறக்கி, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினோம். ஹெட் இறக்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் கால்வாசிகூட ஆகவில்லை. நீ மாற்றும்போது இறக்குகிற கூலன்டை வாளியோடு எடுத்து மூடி வைத்துவிடு. இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் செத்துப்போகும்.

அதனால் உன் மெக்கானிக்கிடம் முதலில் அந்தக் கைப்பம்பை வைத்துப் பார்க்கச் சொல். உன் வண்டியில் வாட்டர் பாடி டைமிங் பெல்ட்டில் ஓடுவதாக இருந்தால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடு, இரண்டு தடவை பிரிக்க வேண்டாம். வெளியே எங்கும் ஒழுகல் தெரியாமல், டப்பாவில் குமிழியும் வந்தால் அப்போது ஹெட்டைப் பற்றிப் பேசலாம்.

சரியானதும் ஏலகிரிக்கு வா, நானும் வருகிறேன். அந்த 14 கொண்டை ஊசி வளைவிலும் உன் டெம்பரேச்சர் முள்ளை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
குமார்