வருஷம் மட்டும் சொன்னா ஏன் பத்தல: பீங்கான் மிருகம் ஆர்டர் குடுத்தவங்களுக்கு ஒரு மடல்

வாடிக்கையாளர் எல்லாருக்கும் வணக்கம்,

சீனக் கணக்குல வருஷத்துக்கு ஒரு மிருகம், பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு சுத்து, நீங்க பொறந்த வருஷத்து மிருகத்தைத்தான் நாங்க பொம்மையா செஞ்சு தர்றோம். சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல, ஆபீஸ்ல சீன நண்பர்கள் பழக ஆரம்பிச்சா கொஞ்ச நாள்லயே "நீங்க என்ன மிருகம்"னு கேட்டுருவாங்க, அதை வெச்சே வயசையும் கணக்குப் போட்டுருவாங்க. நாங்களும் ஆர்டர் எடுக்கறப்ப அதைத்தான் கேக்கறோம், ஆனா கூடவே தேதி, மாசம், பொறந்த நேரம் எல்லாம் கேக்கறதால "ஜாதகம் கணிக்கப் போறீங்களா"ன்னு வாட்ஸ்அப்ல ஒரே கேள்வி. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ண முடியல, அதான் மொத்தமா இந்த மடல்.

சீன வருஷம் ஜனவரி 1ல மாறாதுங்க. 1990ல குதிரை வருஷம் ஆரம்பிச்சது ஜனவரி 27ல, அதனால அந்த ஜனவரி 10ல பொறந்தவர் இத்தனை நாளா தன்னைக் குதிரைன்னு சொல்லிக்கிட்டு இருந்தாலும் கணக்குப்படி அவர் பாம்புதான். 1985 இன்னும் லேட்டு, பிப்ரவரி 19 வரைக்கும் எலி வருஷமே ஓடிக்கிட்டு இருந்துச்சு. நேரம் கேக்கறது எதுக்குன்னா ஒரு நாளையும் அவங்க ரெண்டு ரெண்டு மணி நேரமா பன்னெண்டா பிரிச்சு மிருகம் வெச்சிருக்காங்க, ராத்திரி 11லருந்து 1 வரைக்கும் எலி, பகல் 11லருந்து 1 வரைக்கும் குதிரை, அந்த நேரத்து மிருகத்தை நாங்க பீடத்துல சின்னதா செதுக்கறோம். நேரம் தெரியலைன்னா விட்டுருங்க, பீடம் வெறுமையா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும்.

வருஷத்தோட கடைசி நம்பர் கலருக்கு, அதை வெச்சுத்தான் அந்த வருஷத்துக்கு எந்தப் பூதம்னு பாப்பாங்க. 4, 5 மரம், 6, 7 நெருப்பு, 8, 9 மண்ணு, 0, 1 உலோகம், 2, 3 தண்ணி. பன்னெண்டு மிருகம், அஞ்சு பூதம், ஆக மொத்தம் 60 வருஷ சுத்து, நம்ம பிரபவ விபவ சுத்தும் 60தானே, அதனால நம்மாளுங்களுக்கு இது டக்குனு புரிஞ்சிரும். மரத்துக்குப் பச்சை, மண்ணுக்குத் தேன் மஞ்சள், உலோகத்துக்கு வெள்ளை, தண்ணிக்குக் கறுப்பு. நெருப்புச் செவப்புதான் உயிரை வாங்கறது. அது செம்பு கலந்த கிளேஸ் (பீங்கான் மேல பூசற கண்ணாடி மாதிரிப் பூச்சு), கேஸ் சூளையில காத்தைக் கொறச்சு எரிச்சாத்தான் செவக்கும், காத்து புகுந்த எடத்துல பச்சை அடிச்சிரும், பிடரி மயிர் நுனி மாதிரி கிளேஸ் மெல்லிசா நிக்கற எடத்துல வெளுத்துரும். காது கிட்ட பச்சைத் திட்டோட ஒரு குதிரை வந்தா அது டேமேஜ் இல்ல, எனக்கு என்னவோ அந்தத் திட்டு இருக்கறதுதான் ரொம்பப் பிடிக்கும். (நெறைய பேர் கேக்கறாங்க, ஜாலான் பஹார்ல 1940ல கட்டின டிராகன் சூளையில (நீளமான பழைய விறகுச் சூளை) சுடறதான்னு. இல்லீங்க, நம்மளது சின்ன கேஸ் சூளை.)

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். "எனக்கு எலி வந்திருக்கு, அதுக்குப் பதிலா புலி போட்டுக் குடுங்க." வாரத்துக்கு ஒரு மெசேஜாவது இப்படி வருது. மாத்தித் தர மாட்டோம். சீனக் கதைப்படி மிருகங்களோட வரிசையை முடிவு பண்ண பரலோக ராஜா வெச்ச பந்தயத்துல மாட்டு முதுகுல ஏறி உக்காந்து ஆத்தைக் கடந்து, கரை வந்ததும் முன்னாடி குதிச்சு மொதல்ல வந்ததே எலிதான், அதனாலதான் வரிசையில அது ஒண்ணாம் நம்பர், நம்ம எலியோட மூஞ்சில அந்தக் கள்ளத்தனம் தெரியும், ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க. மத காரணத்தால பன்றி வேண்டாம்னா மட்டும் நேரத்து மிருகத்தையே பெருசா செஞ்சு தர்றோம். வியட்நாம்காரங்க முயல் வருஷத்துக்குப் பூனைன்னுதான் சொல்லுவாங்க, கேட்டா பூனையும் உண்டு.

புலி வருஷத்துப் பொண்ணுக்கு மாப்பிள்ளை கெடைக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கு. ஜப்பான்ல நெருப்புக் குதிரை வருஷத்துல பொறந்த பொண்ணு புருஷனுக்கு ஆகாதுன்னு பயந்துக்கிட்டு 1966ல பிள்ளை பெத்துக்கறதையே தள்ளிப் போட்டாங்க, அந்த ஒரே வருஷம் அங்க பிறப்பு கிட்டத்தட்ட கால்வாசி கொறஞ்சு போச்சு. பெண் மூலம் நிர்மூலம்னு நம்ம ஊர்ல சொல்லலையா, அதே கதைதான். 2026 பிப்ரவரி 17ல பொறக்கறதும் நெருப்புக் குதிரை வருஷம்தான், நம்ம கணக்குல 1966ல வந்த பராபவ வருஷம் 2026 சித்திரையில திரும்ப வருது. அந்த 1966ல பொறந்த ஒரு அம்மா போன மாசம் கடைக்கு வந்தாங்க, ஓடற குதிரை, முன்னங்காலைத் தூக்கின குதிரை எல்லாம் பாத்துட்டு "இந்த வயசுல யாருப்பா ஓடறது, மண்ணுல மல்லாந்து பொரள்ற மாதிரி ஒண்ணு பண்ணு"ன்னாங்க. நாலு காலும் மேல, வயிறு தெரிய, பல்லைக் காட்டிக்கிட்டு. இப்ப கடையில எல்லாரும் முதல்ல எடுத்துப் பாக்கறது அதைத்தான். அதனால படிவத்துல "எப்படி இருக்கணும்"னு ஒரு கட்டம் சேத்திருக்கோம், காலியா விடாதீங்க, தூங்கணுமா, மொறைக்கணுமா, எழுதுங்க.

அங்கி போட்டுக் கையைச் சட்டைக்குள்ள மடக்கி நிக்கற மாடல் பத்தி ஒரு வார்த்தை. அது சீனாவுல தாங் அரச வம்சத்துக் காலத்துல (618–907) கல்லறைக்குள்ள வெச்ச பொம்மைங்களைப் பாத்து செஞ்சது, மனுஷ ஒடம்பு, மிருகத் தலை. வீட்டுப் பெரியவங்க சங்கடப்படுவாங்கன்னா அதை எடுக்காதீங்க, நாங்களே சொல்லிட்டுத்தான் விக்கறோம்.

அதிர்ஷ்டம் வருமான்னு கேட்டா எங்களுக்குத் தெரியாது, நாங்க விக்கறது பொம்மை. தன்னோட சொந்த மிருக வருஷம் கொஞ்சம் ஆகாதுன்னு செவப்புக் கயிறு கட்டிக்கறது சீனர்களோட வழக்கம், அதனால குதிரைக்காரங்களுக்கு மட்டும் இந்தத் தடவை கழுத்துல ஒரு செவப்புக் கயிறு இலவசம். எந்தத் திசையில வெக்கணும்னும் கேக்காதீங்க, பூனை தட்டி விடாத எடமா பாத்து வைங்க.

அடியில இருக்கற ஓட்டை ஒடைஞ்சது இல்ல, உள்ள பொள்ளலா இருக்கறதால காத்து வெளிய போக விட்டது. சுட்டா மண்ணு பத்துல ஒரு பங்குக்கு மேல சுருங்கும், சொன்ன அளவுல கொஞ்சம் முன்னப்பின்ன வரும். மெதுவா காய வெச்சு ரெண்டு தடவை சுடணும், ஆறு வாரம் ஆகும். ஜனவரி 5க்கு அப்புறம் வர்ற ஆர்டர் சீனப் புத்தாண்டு முடிஞ்சுதான் கெடைக்கும். பார்சலைத் தொறக்கறப்ப வீடியோ எடுத்து வெச்சுக்கங்க, வழியில கால் ஒடைஞ்சிருந்தா அதை அனுப்புங்க, வேற செஞ்சு தர்றோம்.

இப்படிக்கு,
உங்க மண் பொம்மைக் கடைக்காரங்க