கேளாச் செவியோடு காவல் இருந்தவன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நம் நாட்டு நாய் இனங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ராஜபாளையம் நாயின் தூய வெண்ணிறத்தையும் ரோஸ் மூக்கையும், வேட்டைக்கும் காவலுக்கும் அதைப் பாளையக்காரர்கள் வளர்த்த வரலாற்றையும் அழகாக எடுத்துச் சொன்ன கட்டுரையாளர், அந்த வெண்மையோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு குறையைப் பற்றி எழுதவில்லை. அவரைக் குறை சொல்ல வரவில்லை. சென்ற மாதம் இறந்துபோன எங்கள் வெள்ளையனோடு 11 ஆண்டுகள் வாழ்ந்திராவிட்டால் எனக்கும் அது தெரிந்திருக்காது.

நான் அஞ்சலகக் கவுன்டரில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். 2005 சனவரியில் இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம் என்ற நான்கு இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியானபோது, அந்த வெள்ளை நாயின் படத்தைக் கிழித்துக் கிழித்து விற்றுக்கொண்டே, நாமும் ஒன்று வளர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வுக்குப் பிறகுதான் அது கைகூடியது. வீட்டுக்கு வந்த சில நாட்களில் தீபாவளி. பக்கத்து வீட்டார் ஆயிரம்வாலாச் சரத்தைக் கொளுத்திய நேரத்தில் திண்ணையில் அசையாமல் தூங்கிய குட்டியைப் பார்த்து, வேட்டை நாயின் ரத்தம் என்றால் சும்மாவா என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை பேசினேன். தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவர் அதன் முதுகுப் பக்கம் நின்று இரண்டு முறை விரலைச் சொடுக்கிவிட்டு, இதற்குக் காது கேட்காது என்றார்.

உள்காது வேலை செய்வதற்கு அங்கே நிறமி உயிரணுக்கள் இருக்க வேண்டுமாம். ரோமத்தை வெளுக்கச் செய்யும் மரபுக்கூறு சில குட்டிகளுக்கு அங்கேயும் அவற்றை இல்லாமல் செய்துவிடுவதால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் பகுதி சிதைந்துபோகிறது. டால்மேஷன் நாய்களுக்கும் இதே கதைதான். விற்றவரிடம் சொன்னபோது அவர் சிறிதும் தயங்காமல் வேறு குட்டி தருவதாகச் சொன்னார். இதை என்ன செய்வீர்கள் என்று என் மனைவி கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

வெள்ளையன் என்ற பெயர் எங்கள் வசதிக்காக வைத்தது. அவன் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. அவனைக் கூப்பிடத் தரையில் காலால் ஓங்கி மிதிப்போம். இரவில் தோட்டத்துக் கோடியில் நின்றால் வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவோம். விரித்த உள்ளங்கை என்றால் உட்கார வேண்டும், குவித்த விரல் என்றால் சோறு என்பதையெல்லாம் ஒரு மாதத்துக்குள் கற்றுக்கொண்டான். வண்டிச் சத்தம் கேளாதவன் என்பதால் வெளியே ஒரு முறைகூடச் சங்கிலி இல்லாமல் விட்டதில்லை. தூங்கும்போது தொடாமல் மூக்கருகே கையை நீட்டி, வாசனையால்தான் எழுப்ப வேண்டும். இதை மறந்து ஒரு நாள் வாலைப் பிடித்த பேரனின் மணிக்கட்டில் பல் பட்டுவிட்டது. பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காதது எங்கள் தவறு.

காது கேளாத நாய் எப்படிக் காவல் காக்கும் என்று கேட்காதவர் இல்லை. கேட்டின் இரும்புச் சட்டத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அவன் படுப்பான். யாராவது தாழ்ப்பாளைத் தொட்டால் அந்த அதிர்வு அவன் முதுகெலும்பு வழியாக ஏறிவிடும். ஒருநாள் நள்ளிரவில் கேட்டின் மீது காலை வைத்த ஆள், ஒரு செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினான். தன் குரைப்பைத் தானே கேட்டறியாதவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாததால், அன்று தெரு முழுவதும் விடியும் வரை விழித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் சிறுநீரகம் பழுதாகி, இரண்டு வாரம் குளுக்கோஸ் ஏற்றியும் பயனில்லாமல், ஒரு விடியற்காலையில் என் மனைவியின் பாதத்தின் மீது முகத்தை வைத்தபடியே போய்விட்டான். தம்பியின் தோப்பில் புதைத்து ஒரு கல்லும் நட்டோம். நாய்க்குப் போய்க் கல்லா என்று சிரித்த உறவினரிடம், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல்லில் கோவிவன் என்ற நாயின் பெயரும் உருவமும் வீரனோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டிருப்பதைச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இந்த இனத்தை வளர்த்து விற்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கைதட்டிப் பார்ப்பது போதாது. காற்றசைவை உணர்ந்தே குட்டி திரும்பிவிடும், ஒரு காது மட்டும் கேளாத குட்டி அதில் தப்பிவிடும். தலையில் மின்முனைகளைப் பொருத்தி, ஒலிக்கு நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பரிசோதனையே உறுதியானது. அதில் குறை தெரியும் நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதிருப்பதும், வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதும் அவர்களால் முடியாத காரியங்கள் அல்ல. தங்கள் வரி விளம்பரப் பகுதியில் 'தூய வெள்ளை, ரோஸ் மூக்கு' என்று குட்டிகள் விற்பனைக்கு வருவதை இப்போதும் தினம் பார்க்கிறேன். அதே வரியில் 'இரு காதும் கேட்கும்' என்று சேர்த்து எழுத அவர்களில் எத்தனை பேர் முன்வருவார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர் ஒருவர்